பொருநைக் கரையில் ஒரு குருகுலம்

நுழையும்முன்

கல்வி என்பது நூலுக்குள் மட்டும் இருப்பதன்று. அது காலடி மண்ணிலும் பேசும் மொழியிலும் செய்யும் தொழிலிலும் இருக்கிறது. இவ்வுண்மையை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து, தாமிரபரணிக் கரையில் ஒரு பள்ளியை எழுப்பியவர் வ.வே.சு. ஐயர். விடுதலைப் போராளி, தமிழறிஞர், சிறுகதை முன்னோடி எனப் பல நிலைகளில் அறியப்படும் அவரது வாழ்வில் அப்பள்ளியே இறுதிக் கனவாக அமைந்தது. அக்கனவின் உயரத்தையும் அது இடறிய இடத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆறும் ஊரும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொடும் தாமிரபரணியைப் பழந்தமிழர் பொருநை என்றழைத்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு மடியிலிருந்து இறங்கிவரும் மணிமுத்தாறு அதனுடன் வந்து கலக்கிறது. இரண்டு ஆறுகளின் நீரும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி என ஊர் ஊராக நடந்து, கார், பிசானம் என்னும் இருபோக நெல்லையும் வாழையையும் விளைவிக்கிறது. ஆற்றின் குறுக்கே பழங்காலத்திலேயே கட்டப்பட்ட அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் போன்ற கால்வாய்களும், அவற்றால் நிறையும் குளங்களும் இந்நிலத்து மக்களின் அறிவுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன.

இத்தகைய மண்ணைத்தான் வ.வே.சு. ஐயர் தம் பள்ளிக்கு உரிய இடமாகக் கண்டார். எங்கோ பிறந்து, கடல் கடந்து, பல நாடுகளைச் சுற்றிய ஒருவர் இவ்வாற்றங்கரைக்கு வந்து சேர்ந்த வரலாறு வியப்புக்குரியது.

இளமையும் கல்வியும்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம் என்பதன் சுருக்கமே வ.வே.சு. என்பதாகும். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அவர் பிறந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். சட்டம் கற்று வழக்கறிஞரானார். சிறிது காலம் திருச்சியிலும் பின்னர் இரங்கூனிலும் தொழில் நடத்தினார். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் 1907ஆம் ஆண்டு இலண்டன் சென்றார்.

அக்காலத்தில் இலண்டன் சென்று பாரிஸ்டராகத் திரும்புவது செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வாழ்வுக்குத் திறவுகோலாக இருந்தது. ஐயரும் அவ்வெண்ணத்துடனேயே கப்பலேறினார். ஆனால் இலண்டனில் இந்திய மாணவர்கள் தங்கியிருந்த இந்தியா இல்லம் அவரை முற்றிலும் மாற்றியது. அங்கே சாவர்க்கர் முதலிய புரட்சியாளர்களோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அடிமை நாட்டில் ஒருவன் பெறும் பட்டமும் பதவியும் எதற்குப் பயன்படும் என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. தேர்வில் வெற்றி பெற்ற பின்னும், பட்டம் பெறுவதற்காக ஆங்கில அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க அவர் மறுத்துவிட்டார். பல்லாண்டு உழைத்துப் பெற்ற பயனைக் கொள்கைக்காகக் கைவிட்ட துணிவு அது.

1910ஆம் ஆண்டு சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். ஐயரையும் அரசு தேடியது. அவர் இலண்டனை விட்டு வெளியேறி, மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து, அவ்வாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியை அடைந்தார்.

புதுச்சேரியில் மொழிப்பணி

புதுச்சேரியில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். பாரதியார், அரவிந்தர் ஆகியோர் அங்கே அவருக்கு அருகில் இருந்தனர். ஒற்றர்களின் கண்காணிப்பும் வறுமையும் சூழ்ந்த அந்நாள்கள், தமிழுக்கு வளம் சேர்த்த நாள்களாக அமைந்தன.

ஐயர் தமிழோடு வடமொழி, ஆங்கிலம், பிரெஞ்சு, இலத்தீன் முதலிய மொழிகளின் இலக்கியங்களையும் கற்றவர். பிறமொழிக் கல்வி அவரைத் தாய்மொழியிலிருந்து விலக்கவில்லை. மாறாக, தமிழின் உயரத்தை அளந்தறிய அவருக்கு அளவுகோல் தந்தது. திருக்குறளை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916ஆம் ஆண்டு வெளியிட்டார். கம்ப நிலையம் என்னும் பெயரில் ஒரு பதிப்பகத்தை நடத்தினார். நாட்டு விடுதலைக்கு உழைத்த பிறநாட்டுத் தலைவர்களின் வரலாறுகளைத் தமிழில் எழுதினார்.

1915ஆம் ஆண்டு விவேகபோதினி இதழில் அவர் எழுதிய குளத்தங்கரை அரசமரம் என்னும் கதை, தமிழின் முதற் சிறுகதையெனப் பலராலும் போற்றப்படுகிறது. அக்கதையைச் சொல்வது ஒரு மனிதரன்று. குளக்கரையில் நிற்கும் அரசமரமே தன் நிழலில் விளையாடி வளர்ந்த ருக்மிணி என்னும் சிறுமியின் துயரத்தைச் சொல்கிறது. பணத்தாசையால் ஒரு பெண்ணின் வாழ்வு அழிவதைக் கண்டு அம்மரம் வருந்துகிறது. ஊரில் நடப்பதையெல்லாம் மண்ணும் மரமும் நீரும் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்னும் உணர்வு அக்கதை முழுவதும் இழையோடுகிறது. பின்னாளில் அவர் அமைத்த பள்ளியின் விதை அவ்வுணர்வில் மறைந்திருந்தது எனலாம்.

சிறையும் சிந்தனையும்

முதல் உலகப்போருக்குப் பின் வழங்கப்பட்ட பொது மன்னிப்பால் 1920ஆம் ஆண்டு ஐயர் தமிழ்நாடு திரும்பினார். ஒரு காலத்தில் ஆயுதப் புரட்சியை நம்பிய அவர், காந்தியடிகளின் அறவழியை ஏற்றார். திரு.வி.க.வுக்குப் பின் தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். அவ்விதழில் வெளிவந்த ஒரு தலையங்கத்தின்பொருட்டு 1921ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டு, ஒன்பது மாதங்கள் பெல்லாரிச் சிறையில் இருந்தார். சிறைச்சுவர்களுக்குள் அவருக்குத் துணையாக இருந்தவர் கம்பர். ஓமர், வர்ஜில், மில்டன் ஆகியோரின் காப்பியங்களோடு கம்பராமாயணத்தை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூலை அவர் அங்கே எழுதினார்.

சிறையிலிருந்து மீண்டபோது, அவரது கவனம் கல்வியின்மீது நிலைத்திருந்தது. அந்நாளில் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. கணக்கும் அறிவியலும் வரலாறும் மாணவருக்கு அயல்மொழியில் வந்தன. உழவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் சென்றால், அவன் வயலைத் தாழ்வாகக் கருதத் தொடங்கினான்; எழுத்தர் வேலையே கல்வியின் பயன் என்றெண்ணினான். படித்தவர் கையால் உழைக்கக் கூசினர். உழைப்பவர் கைக்கு எழுத்து எட்டவில்லை. ஆட்சி மாறினாலும் இப்பிளவு நீங்காவிட்டால் விடுதலை நிறைவுறாது என்று ஐயர் கருதினார்.

நிலமே பள்ளி

1922ஆம் ஆண்டு சேரன்மாதேவியில் பரத்துவாச ஆசிரமம் என்னும் பெயரில் ஓர் அமைப்பை அவர் நிறுவினார். அதன் பகுதியாகத் தமிழ்க் குருகுலம் தோன்றியது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் வழங்க முடிவு செய்து, முதலில் ஐயாயிரம் ரூபாயை அளித்தது. பல சமூகத்தைச் சேர்ந்த வள்ளல்களும் பொருள் உதவினர். எல்லாரும் கூடிக் கட்டிய பள்ளியாக அது தொடங்கியது.

குருகுலத்தில் தமிழே பயிற்றுமொழி. தமிழ் இலக்கியத்தோடு அறிவியலும் பிற பாடங்களும் கற்பிக்கப்பட்டன. பாடத்திற்கு இணையாக வேளாண்மையும் கைத்தொழிலும் உடற்பயிற்சியும் இடம்பெற்றன. ஐயர் தாமே உடலை உறுதியாகப் பேணியவர். உறுதியான உடலும் உழைக்கும் கையும் தெளிந்த அறிவும் ஒருங்கே வளரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1924ஆம் ஆண்டு முதல் பாலபாரதி என்னும் இதழையும் அவர் நடத்தினார்.

வயலில் கற்கும் கல்வியின் சிறப்பு யாது? நாற்றங்கால், தொழி, பரம்பு, மடை, மறுகால் போன்ற சொற்களை அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்பவருக்கு அவை வெறும் சொற்கள். சேற்றில் இறங்கி நாற்றுப் பிடுங்கியவருக்கு அவை வாழ்வு. மடையைத் திறந்து அடுத்த வயலுக்கு நீர் விட்டவர், நீர்ப் பங்கீட்டின் கணக்கையும் நீதியையும் ஒன்றாகக் கற்கிறார். கார்ப்பருவத்தில் எந்த நெல், பிசானத்தில் எந்த நெல் என்றறிபவர், மழையையும் காற்றையும் மண்ணையும் படிக்கத் தெரிந்தவர். ஒரு மொழி நூலகத்தில் மட்டும் உயிர்வாழ்வதில்லை. அதைப் பேசுவோர் செய்யும் தொழிலிலும், அவர்கள் பெயரிட்டழைக்கும் பயிரிலும் பறவையிலும் பாறையிலும் அது உயிர்வாழ்கிறது. தொழில் மறையும்போது அதற்குரிய சொல்லும் மறைகிறது. சொல் மறையும்போது அது சுமந்த அறிவும் மறைகிறது. மொழியையும் நிலத்தையும் ஒரே பள்ளிக்குள் வைத்த ஐயரின் திட்டத்திற்குள் இந்த உண்மை பொதிந்திருந்தது.

> தெரிந்து தெளிவோம்
>
> மண்ணோடும் உழைப்போடும் இணைந்த கல்வி உலகின் பல பகுதிகளில் முயன்று பார்க்கப்பட்டது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கெகீ என்னுமிடத்தில் 1881ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பள்ளியில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கருப்பின மக்களின் பிள்ளைகள் தாமே செங்கல் அறுத்துக் கட்டடங்களை எழுப்பினர். புக்கர் வாஷிங்டன் அதன் தலைவர். இரவீந்திரநாத் தாகூர் 1901ஆம் ஆண்டு சாந்திநிகேதனில் மரநிழலில் பள்ளி தொடங்கினார். 1922ஆம் ஆண்டு சிற்றூர் மேம்பாட்டுக்காக ஸ்ரீநிகேதனை அமைத்தார். கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டம் 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகளால் முன்வைக்கப்பட்டது. நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரி மக்கள், மறைந்துவந்த தம் மொழியைக் காக்க 1982ஆம் ஆண்டு மழலையர் பள்ளிகளைத் தொடங்கினர். மொழிக்கூடு என்னும் பொருளில் அவற்றுக்குக் கோஹங்கா ரேயோ என்று பெயரிட்டனர்.

பந்தியில் எழுந்த வினா

இத்தகைய உயர்ந்த நோக்குடைய பள்ளியில் ஒரு குறை இருந்தது. மாணவர் அனைவரும் ஒரே கூரையின்கீழ்ப் பயின்றனர். ஒரே வயலில் உழைத்தனர். ஆனால் பிராமணச் சிறுவர் இருவர்மட்டும் தனியே அமர்ந்து உண்டனர். பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கி அவ்வாறு செய்வதாக ஐயர் வாக்களித்திருந்தார். ஐயர் தாம் மற்ற மாணவர்களோடு அமர்ந்து உண்பவர். எனினும், பிறரைக் கட்டாயப்படுத்தலாகாது, காலப்போக்கில் மனங்கள் மாறும் என்று அவர் நம்பினார்.

செய்தி வெளியே பரவியதும் பெரும் விவாதம் மூண்டது. வரதராசுலு நாயுடு தம் தமிழ்நாடு இதழில் இதனைக் கண்டித்து எழுதினார். வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றுத் திரும்பியிருந்த தந்தை பெரியார், இவ்வேறுபாட்டை முற்றிலும் எதிர்த்தார். திரு.வி.க.வும் இதனை ஏற்கவில்லை. மீதிப் பணத்தைக் குருகுலத்திற்கு வழங்கலாமா என்பது காங்கிரசுக்குள் கடும் சிக்கலாயிற்று.

எதிர்த்தோரின் வாதம் எளியது, ஆனால் ஆழமானது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளி, எல்லாருக்கும் பொதுவானதாக இருத்தல் வேண்டும். பகலெல்லாம் ஒரே வரப்பில் நின்று நாற்று நட்ட சிறுவர்களுள் சிலர், உண்ணும்போதுமட்டும் பிரிக்கப்பட்டால், மற்றவர் நெஞ்சில் எஞ்சும் பாடம் எது? வகுப்பறையில் படித்த குறளைவிட, பந்தியில் கண்ட பிரிவே அவர்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதியும்.

காந்தியடிகளின் கருத்தும் கேட்கப்பட்டது. ஏற்கெனவே வாக்களிக்கப்பட்ட இருவரளவில் அவ்வேற்பாட்டை விட்டுவிட்டு, இனிச் சேர்வோருக்கு அத்தகைய விலக்கை அளிக்காமலிருக்கலாம் என்னும் பொருளில் அவர் ஒரு வழி கூறினார். அதனால் விவாதம் ஓயவில்லை. 1925ஆம் ஆண்டு ஏப்ரலில் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரஸ் குழு, நாட்டுப்பணியில் ஈடுபடும் நிறுவனங்கள் பிறப்பால் உயர்வுதாழ்வு பாராட்டலாகாது என்னும் கருத்துடைய தீர்மானத்தை நிறைவேற்றியது. ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இந்நிகழ்வு ஒரு பள்ளியின் எல்லைக்குள் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் சமத்துவத்திற்கான குரல் வலுப்பெற அது காரணமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டின்போது பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அம்முடிவுக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் சேரன்மாதேவியும் ஒன்று.

ஐயரின் வாழ்வில் இது துயரமிக்க முரண். கொள்கைக்காகப் பட்டத்தைத் துறந்தவர் அவர். அரசின் ஆணைக்கு ஒருபோதும் பணியாதவர். அத்தகையவர் இரு பெற்றோருக்குத் தந்த வாக்கின்முன் தயங்கி நின்றார். அவரது நேர்மையை ஐயுறத் தேவையில்லை. ஆனால் ஒரு நல்ல மனிதரின் தயக்கமும்கூட மற்றவருக்கு அநீதியாக முடியலாம் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

கலியாண தீர்த்தம்

பொறுப்பிலிருந்து விலகிய சில வாரங்களில், 1925ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், ஐயர் குருகுல மாணவர்களோடும் தம் மகள் சுபத்திரையோடும் பாபநாசம் மலைக்குச் சென்றார். அங்கே அருவிக்கு மேலுள்ள கலியாண தீர்த்தத்தில், ஓடையைக் கடக்க முயன்ற சுபத்திரை கால் தவறி நீரில் வீழ்ந்தார். மகளைக் காக்க ஐயர் உடனே நீரில் குதித்தார். வேகம் மிகுந்த நீரோட்டம் இருவரையும் இழுத்துச் சென்றது. தந்தையும் மகளும் மீளவில்லை. அப்போது ஐயருக்கு வயது நாற்பத்து நான்கு.

எந்த ஆற்றின் கரையில் தம் கனவுப் பள்ளியை எழுப்பினாரோ, அதே ஆற்றின் நீரில் அவர் வாழ்வு முடிந்தது. குருகுலத்தின்மீது எழுந்த விவாதத்தில் அவரை எதிர்த்தவர்களும் அவருடைய மறைவுக்கு வருந்தினர். தலைவரை இழந்த குருகுலம் பழைய வலிமையைப் பெறாமலே காலப்போக்கில் மறைந்தது.

நாம் பெறும் பாடம்

நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஐயர் எழுப்பிய வினாக்கள் இன்னும் நம்முன் நிற்கின்றன. மேல்நிலை வகுப்பில் பயிலும் நீங்கள், உங்கள் ஊர்க் குளத்தின் பெயரை அறிவீர்கள். அக்குளத்திற்கு நீர் வரும் கால்வாய் எது, அது நிறைந்தால் மறுகால் எங்கே பாயும், அதன் கரையில் நிற்கும் மரங்கள் யாவை என்பவற்றையும் அறிவீர்களா? உங்கள் பாட்டனார் விதைத்த நெல்லின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கினால், அழிந்துவரும் சொற்களும் அவற்றோடு சேர்ந்த அறிவும் மீளத் தொடங்கும்.

பாபநாசத்திற்கு மேலுள்ள பொதிகை மலைக்காட்டில் காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். மூலிகைகளையும் தேனையும் விலங்குகளின் தடங்களையும் பற்றி அவர்கள் அறிந்தவை, நூலில் எழுதப்படாத பெருங்கல்வி. அம்மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது, அவ்வறிவைப் பள்ளி வாயிலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே நுழையும் நிலை இருத்தலாகாது. பாடநூலும் காடும் ஒன்றையொன்று மதிக்கும் வகுப்பறையே உண்மையான வகுப்பறை.

மண்ணையும் மொழியையும் கல்விக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை ஐயரின் உழைப்பு நமக்குக் கற்பித்தது. அம்மண்ணில் நிற்போர் அனைவரும் சமம் என்பதை அவரோடு முரண்பட்டவர்கள் நமக்குக் கற்பித்தனர். இவ்விரு பாடங்களுள் ஒன்றை விட்டு மற்றொன்றைக் கற்க இயலாது. பண்பாட்டை மீட்கப் புறப்படுவோர், அப்பண்பாட்டுக்குள் படிந்துள்ள களையையும் பறிக்க வேண்டும். களை பறிக்காத வயலில் நாற்று ஓங்கி வளராது என்பது உழவர் அனைவரும் அறிந்த செய்தி. பொருநை எந்த வயலுக்கும் பிறப்புப் பார்த்து நீர் பாய்ச்சுவதில்லை. நம் பள்ளிகளும் அவ்வாறே ஆகட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உழவு, மீன்பிடித்தல், நெசவு, மண்பாண்டத் தொழில் ஆகியவற்றுள் ஒன்றைச் செய்யும் முதியவரைச் சந்தித்து, அத்தொழிலில் வழங்கும் இருபது சொற்களைப் பொருளுடன் தொகுக்க.

2. உங்கள் ஊருக்கு நீர் வரும் வழியையும் அது வெளியேறும் வழியையும் நேரில் பார்த்து, வரைபடம் வரைந்து வகுப்பில் காட்சிப்படுத்துக.

3. சேரன்மாதேவிக் குருகுலத்தில் தனிப்பந்தி தொடர்பாக ஐயர் கொண்டிருந்த நிலைப்பாட்டையும் எதிர்த்தோரின் நிலைப்பாட்டையும் ஒப்பிட்டு, உங்கள் கருத்தைக் காரணங்களுடன் வகுப்பில் எடுத்துரைக்க.